10 நாள் ஒப்பந்தமும் 13 அணியும்: கூடைப்பந்து கேள்வி பதில்

ஊர் ஊராக, அணி மாறி அணி மாறி விளையாடிச் சம்பாதிக்கும் கூடைப்பந்துக்காரர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலிருந்தும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பலருக்கும் உதவக்கூடியதை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே ஆள் என்.பி.ஏ.வில் 13 அணிக்கு ஆடியிருக்கானாமே. எங்கயும் நிலைக்காதவனை எதுக்கு அடுத்தடுத்து எடுக்காங்க? என் மகன் அவனைத்தான் பிடிச்சிருக்குங்கான். (ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை)

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடிய இஷ் ஸ்மித்தைச் சொல்கிறீர்கள். 6 அடி உயரம். 2010 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) எந்த அணியும் அவர் பேரைச் சொல்லவில்லை. அப்படியும் 13 வெவ்வேறு அணிகளின் ஜெர்சியைப் போட்டார், என்.பி.ஏ.வில் அதுதான் சாதனை. அவருக்கு முன்னால் சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் நால்வரும் 12 அணியில் நின்றார்கள். 13-ஆவது அணியான டென்வர் நகெட்ஸில் இருந்தபோது, 2023-ல், சாம்பியன் மோதிரமும் கிடைத்தது.

கணக்கு இப்படி: 30 அணி, அணிக்கு 15 முழு ஒப்பந்த இடம், மொத்தம் 450. முதல் எட்டு ஒன்பது பேர்தான் ஆட்டத்தின் பெரும்பகுதியை ஆடுவார்கள். 12-ஆவது இடத்துக்குக் கீழே உள்ள நாற்காலிகள் வருடா வருடம் ஆள் மாறும். அங்கே அணிக்கு வேண்டியது இன்னொரு நட்சத்திரம் கிடையாது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் முதல் பாயின்ட் கார்டுக்குக் கணுக்கால் பிசகிய ராத்திரி உள்ளே போய், 15 நிமிடம் பந்தைப் பறிகொடுக்காமல் ஆட்டத்தை நடத்தி, மறுநாள் மறுபடி பெஞ்சில் உட்காரச் சொன்னால் முகம் சுளிக்காத ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நினைப்பதைவிடக் குறைவு.

இன்னொரு காரணம் வெறும் வரவு செலவு. சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கச் சம்பளமும் ஓரளவு பொருந்த வேண்டும். பெரிய ஆளோடு சில்லறை சேர்ப்பதுபோல, சின்னச் சம்பளக்காரர்களைச் சேர்த்து அனுப்புவார்கள். அதில் ஆட்டத்தின் குறை ஒன்றுமில்லை. உங்கள் மகனுக்கு நல்ல கண்.

கேள்வி: 10 நாள் ஒப்பந்தம் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது? அந்த 10 நாளில் என்ன சாதிக்க முடியும்? (கல்லூரி மாணவர், அபிஷேகப்பட்டி)

ஜனவரி 5-ஆம் தேதி முதல் என்.பி.ஏ. அணிகள் 10 நாள் ஒப்பந்தம் போடலாம். 10 நாள், அல்லது அணி மூன்று ஆட்டம் ஆடி முடிக்கும் காலம், இதில் எது நீளமோ அது. ஒரே அணி ஒரே சீசனில் ஒருவருக்கு இரண்டு முறைதான் இப்படிப் போட முடியும். மூன்றாவது தடவை வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். சம்பளம், அந்த ஆட்டக்காரரின் அனுபவத்துக்கான குறைந்தபட்ச வருடச் சம்பளத்தை நாள் கணக்கில் பிரித்துத் தருவது.

ஜனவரியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10-ல் முழு உத்தரவாதமாகிவிடும். அதற்கு முன்பே வேண்டாதவர்களைக் கழித்துவிடுவார்கள். அந்தக் காலி இடங்களுக்குத்தான் இந்த ஆட்கள்.

இதற்குக் கீழே இன்னொரு படி, டூ-வே ஒப்பந்தம். 2017-18 சீசனில் வந்தது. ஆள் என்.பி.ஏ.வின் துணை லீக்கான ஜி லீக் அணிக்கும் என்.பி.ஏ. அணிக்கும் இடையே போய்வருவார், என்.பி.ஏ. ஆட்டப் பட்டியலில் 50 ஆட்டம் வரை இருக்கலாம். சம்பளம் புதுமுகக் குறைந்தபட்சத்தில் பாதி. அணிக்கு மூன்று பேர். வெறும் ஜி லீக் சம்பளமோ சீசனுக்கு 40,000 டாலர் சுற்றுவட்டாரம்தான். ஒரு கட்டிடத்துக்குள் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் கோடிகளும் லட்சங்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அந்த 10 நாளில் என்ன செய்வது? முதல் இரண்டு நாளில் மனப்பாடம். அணி அடிக்கடி ஆடும் ஐந்தாறு செட் (முன்பே பழகி வைத்த ஆட்ட அமைப்பு), பக்கக்கோட்டிலிருந்தும் ரிங்குக்குப் பின்னால் உள்ள பேஸ்லைனிலிருந்தும் பந்து எறியும் அமைப்புகள், எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தடுப்பாட்டக் கூப்பாடுகள். எதிராளி ஸ்கிரீன் போடும்போது (காப்பவரின் வழியில் மறித்து நிற்பது) பெரிய ஆள் பின்வாங்கி ரிங்குக்கு அடியிலுள்ள பெயின்டுக்குள் நிற்பாரா (டிராப்), பந்துக்காரனை நோக்கி ஏறி வருவாரா (ஹெட்ஜ்), இருவரும் ஆள் மாற்றிக்கொள்வார்களா (ஸ்விட்ச்), பந்துக்காரனை நடுவுக்கு வரவிடாமல் ஓரத்துக்கே தள்ளுவார்களா (ஐஸ்) என்று ஒவ்வொரு அணிக்கும் ஒரு வழக்கம். அதே வார்த்தைக்கு இன்னொரு அணியில் இன்னொரு அர்த்தமும் இருக்கும். நாலு பேர் ஸ்விட்ச் செய்ய, புது ஆள் மட்டும் பழைய அணி நினைப்பில் டிராப் ஆனால், கண் முன்னே காலியாக ஒரு மூன்று புள்ளி ஷாட் போகும். கோச் அதை வீடியோவில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

பெரும்பாலும் கெடுவது வேறு இடத்தில். கிடைத்த நாலு நிமிடத்தில் தன்னிடம் இருக்கிற எல்லாச் சரக்கையும் கொட்டிக் காட்டப் பார்ப்பது. கூப்பிட்டது மூலையில் நின்று ஷாட் அடிக்கவும், எதிரணியின் முதல் கார்டை மடக்கவும் என்றால், அதை மட்டும் சுத்தமாகச் செய்தவர்தான் இரண்டாவது 10 நாள் வாங்குகிறார்.

கேள்வி: டிவியில் பார்க்கிற ஆட்டமும் நம்ம ஊர் ஆட்டமும் ஒன்றுதானா? (கோவில்பட்டி)

ஹாக்கி ஊரிலிருந்து கூடைப்பந்துக் கேள்வி, சந்தோஷம். ரிங் உயரம் 3.05 மீட்டர், இரண்டிலும் ஒன்றே. என்.பி.ஏ. 48 நிமிடம், நாம் ஆடும் ஃபிபா விதியில் 40 (ஃபிபா கூடைப்பந்துச் சம்மேளனம், கால்பந்து ஃபிஃபா வேறு). மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டர், மூலையில் மட்டும் 6.71, நமக்கு 6.75, மூலையில் 6.60. வெளிநாட்டு லீக்குகளில் அநேகமாக எல்லாமே ஃபிபா அளவுதான்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கான். ஜில்லா டீமுக்கு ஆடுதான். ஒரு ஆள் வந்து, 2 லட்சம் கட்டினா வெளிநாட்டு லீக்ல சேத்துவிடுதேன், விசாவும் நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு. நகையை வச்சுக் குடுக்கலாமா? (ஒரு தாயார், அம்பாசமுத்திரம்)

கொடுக்காதீர்கள் அம்மா. நம்ம ஊரில் அல்வா கொடுக்க வேறு ஆளே வேண்டாம்.

முதல் விஷயம், வயது. 18 வயது ஆகாதவர் விளையாடுவதற்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாறுவதை ஃபிபா பொதுவாக அனுமதிப்பதில்லை. சில விதிவிலக்குகள் உண்டு. அவை சம்மேளனம் வழியாக, காகிதத்தோடு நடக்கும். தெருவில் வந்து பேசும் ஆள் வழியாக நடக்காது.

இரண்டாவது, பணம் போகும் திசை. நிஜமான ஏஜென்ட் ஆட்டக்காரரிடம் முன்பணம் கேட்பதில்லை. வெளிநாட்டு கிளப் ஒப்பந்தங்களில் ஏஜென்ட் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம், அதையும் பெரும்பாலும் கிளப்பே தரும். என்.பி.ஏ.வில் ஆட்டக்காரர் தருவார். அங்கே உச்ச வரம்பு 4 சதவீதம். இரண்டிலும் சம்பளம் பேசி முடிந்த பிறகுதான் ஏஜென்டுக்குக் காசு. சம்பளம் வருவதற்கு முன்னால் நீங்கள் பணம் கட்டினால் அந்த ஆள் ஏஜென்ட் இல்லை, நீங்கள்தான் அவருக்கு வாடிக்கையாளர்.

மூன்றாவது, பேர். சர்வதேச ஏஜென்ட்கள் ஃபிபாவின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஃபிபா இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் பேரும் உரிம எண்ணும் கேளுங்கள். "எங்க கம்பெனிக்கு இருக்கு" என்று சுற்றி வளைத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உரிமம் கம்பெனிக்குக் கிடையாது, ஆளுக்குத்தான்.

நான்காவது, விசா. டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கி, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த விசாவில் சம்பளத்துக்கு ஆடுவது சட்டப்படி தப்பு. சிக்கினால் திருப்பி அனுப்பப்படுவது உங்கள் பையன். போதாததற்கு, இந்தியச் சம்மேளனத்திடமிருந்து லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் (வெளியே ஆடத் தடையில்லை என்ற கடிதம்) வராமல் எந்த நாட்டு லீக்கும் அவரைப் பதிவு செய்யாது. இந்தக் கடிதத்தைப் புது நாட்டுச் சம்மேளனம் கேட்டு வாங்கும். கேட்கும் அளவுக்கு ஒரு கிளப் இருந்தால்தான் கேட்கும்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். பையன் பிளஸ் டூவை முடிக்கட்டும்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன். என் நண்பனுக்கு ஒரு வெளிநாட்டு கிளப்பிலிருந்து 8 மாத ஒப்பந்தம் வந்திருக்கிறது, 6 பக்கம். எந்த வரிகளைக் கவனிக்க வேண்டும்? (திருநெல்வேலி)

இந்த மாதிரி நண்பன் எல்லாருக்கும் வாய்க்காது. சம்பளத் தொகையைக் கடைசியாகப் படியுங்கள். அதற்கு முன்னால் இவை.

வரி. தொகை "நெட்" என்று எழுதியிருக்கிறதா, அதாவது அந்த நாட்டு வரியெல்லாம் கிளப் கட்டியபின் கையில் வரும் தொகையா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரிய பங்கு கழிந்துபோகும். எந்த நாணயம், எந்தக் கணக்குக்கு, மாதத்தில் எந்தத் தேதி என்பதும் வேண்டும். "மாதா மாதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது தேதி ஆகாது.

மருத்துவப் பரிசோதனை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அங்கே போய் இறங்கிப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும். இரண்டு மூன்று நாளுக்குள் பரிசோதனை முடிய வேண்டும் என்றும், முடிந்தபின் உடல்நிலையைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடாது என்றும் வரி இருக்க வேண்டும். கெடு இல்லாவிட்டால், மூன்று வாரம் கழித்து, இரண்டு ஆட்டம் தோற்றபின், "முட்டியில் பழைய பிரச்சினை" என்பார்கள்.

தேர்வுக் காலம். "முதல் இரண்டு வாரம் டிரை-அவுட்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அது இருக்கிறவரை 8 மாத ஒப்பந்தம் என்பது பேச்சுக்குத்தான். எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், நாள் எண்ணிக்கையும் திரும்பி வரும் டிக்கெட்டும் எழுத்தில் வரட்டும்.

காயம். ஆட்டத்திலோ பயிற்சியிலோ அடிபட்டால் சிகிச்சைச் செலவும் மீதிச் சம்பளமும் யார் பொறுப்பு? உத்தரவாதம் என்ற சொல்லோடு "திறமைக் குறைவு, காயம் இரண்டின் காரணமாகவும் நிறுத்த முடியாது" என்று சேர்ந்திருந்தால்தான் அது உத்தரவாதம். இந்தப் பிழைப்பில் அதிகம் பேர் வேலை இழப்பது இங்கேதான். கணுக்கால் பிசகி மூன்று வாரம் உட்கார்ந்தால், நான்காவது வாரம் அந்த இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருப்பார்.

சம்பளத் தாமதம். இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வராமலிருக்க உரிமை, அதைவிடக் கூடினால் ஒப்பந்தத்தை முறித்து மீதித் தொகையையும் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸையும் வாங்கிக்கொள்ளும் உரிமை என்று இரண்டு படியாக எழுதுவது வழக்கம். 15 நாள், 30 நாள் என்பவை அடிக்கடி காணும் எண்கள். சீசனின் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தில்தான் வில்லங்கம் வரும். அணி பிளே-ஆஃப் போகவில்லை என்று தெரிந்த மறுநாள் கணக்குப்பிள்ளை போனை எடுக்க மாட்டார். கடைசித் தவணையை ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முன்னால் வரும்படி பேசுவது நல்லது.

தீர்ப்பு எங்கே. ஜெனீவாவில் கூடைப்பந்துக்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. பாட் என்பார்கள்; 2007 முதல் நடக்கிறது. வழக்கை ஒரே நடுவர் பார்ப்பார், எல்லாம் எழுத்து வழி. அதன் தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடலாம். அதனால்தான் அந்தத் தீர்ப்புக்குப் பல் இருக்கிறது. ஆனால் "தகராறு வந்தால் பாட் மன்றத்தில்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அங்கே போக முடியும். அதற்குப் பதில் உள்ளூர் நீதிமன்றம் என்றிருந்தால், தெரியாத பாஷையில் அங்கேயே வக்கீல் பிடிக்க வேண்டியிருக்கும். பாட் மன்றத்திலும் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால் சின்னத் தொகைக்குப் பலர் போவதில்லை. அது கிளப்புகளுக்கும் தெரியும்.

மற்றதெல்லாம் ஒரு பார்வை போதும்: வீடு தனியாகவா பகிர்ந்தா, மின்சார பில் யாருக்கு, போக வர இரண்டு டிக்கெட், காப்பீடு, இடையில் பெரிய கிளப் கூப்பிட்டால் எவ்வளவு கட்டிவிட்டு விலகலாம். அபராதப் பட்டியல் தனி இணைப்பாக வரும். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாமதம் என்றுகூட அதில் தொகை இருக்கும்.

கேள்வி: உயரம் 6 அடி 1 அங்குலம், வயசு 20. வெளிநாட்டில் ஆட முடியுமா அண்ணாச்சி? (வள்ளியூர்)

ஒளிக்காமல் சொல்வதென்றால், கஷ்டம். இதுவரை கடல் தாண்டிய நம்மவர்களைப் பாருங்கள். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது இடத்தில் எடுத்த சத்னாம் சிங், என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். 7 அடிக்கு மேல். 2017-ல் சிட்னி கிங்ஸுக்குப் போன அம்ரித்பால் சிங்கும், அதே வருடம் ஜி லீக்கின் ஓக்லஹோமா சிட்டி புளூவுக்குப் போன அம்ஜோத் சிங்கும் உயரக்காரர்கள். உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது என்பதால் கிளப்கள் அதற்குக் காத்திருக்கும். 6 அடி 1 அங்குலக் கார்டு உலகத்தில் எந்தத் தெருவிலும் கிடைப்பான்.

வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு லீக்கிலும் எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்தச் சில இடங்களுக்கு அமெரிக்கர்களோடு போட்டி போட வேண்டும். அந்த இடத்தில் இருப்பவர் அணியிலேயே அதிகப் புள்ளி எடுப்பவராக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பிலிப்பைன்ஸின் பி.பி.ஏ. சில தொடர்களில் வெளிநாட்டவருக்கு உயர வரம்பே வைக்கும். கொரியாவின் கே.பி.எல். 2018-19-ல் 200 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்றது. டேவிட் சைமன் என்ற அமெரிக்கர் 2 சென்டிமீட்டர் சொச்சம் கூடுதலாக அளக்கப்பட்டு லீக்கையே விட்டுப் போனார். மறுவருடம் விதியை எடுத்துவிட்டார்கள். உயரமும் ஒரு நாள் பாரமாகும்.

ஜப்பான், கொரியா லீக்குகளில் ஆசியர்களுக்குத் தனிக் கோட்டா இருக்கிறது. எந்தெந்த நாடு அதில் சேரும் என்று லீக்தான் அறிவிக்கும். ஏஜென்டிடம் பேசும் முன் இந்தியப் பாஸ்போர்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆடத்தான் வேண்டும் என்றால் உங்கள் உயரத்துக்கு இரண்டே தகுதி. இடது கையால் வலது கையைப் போலவே பந்தைக் கொண்டுபோவது. 6.75 மீட்டரிலிருந்து அடிப்பது. ஐந்து இடம், இடத்துக்கு 10 ஷாட், ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே கோர்ட் முழுக்க ஒரு ஓட்டம். யாரும் மறிக்காமல் 50-க்கு 35 விழவில்லையென்றால், ஆட்டத்தில் கை நீட்டி மறிக்கும்போது மூன்றில் ஒன்றுகூட விழாது.

கேள்வி: வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். பாட்டுப் போட்டு, ஸ்லோ மோஷனில் அனுப்பலாமா? (தென்காசி)

பாட்டு வேண்டாம். மூன்று நான்கு நிமிடத் தொகுப்பு ஒன்று, வெட்டாத முழு ஆட்டம் இரண்டு. முழு ஆட்டத்தில் ஒன்று நீங்கள் தோற்றதாக இருக்கட்டும். பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் திறப்பார்கள். கேமரா கேலரியின் நடுவில், உயரத்தில், 10 பேரும் தெரியும்படி. பந்தின் பின்னாலேயே ஆடும் மொபைல் வீடியோவில் தடுப்பாட்டம் தெரியாது. முதல் திரையில் பிறந்த தேதி, காலணி இல்லாமல் அளந்த உயரம், எடை, ஜெர்சி எண், ஜெர்சி நிறம். உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டிப் போடாதீர்கள். வாசலில் அளப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லாம் சிமென்ட் கோர்ட்தான். முட்டிச்சிப்பிக்குக் கீழே வலி. கணுக்காலும் அடிக்கடி பிசகுகிறது. ஷூ ஆறு மாதம்கூட வருவதில்லை. (சங்கரன்கோவில்)

முட்டிவலியும் ஷூ தேய்வதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மரத்தளம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், சிமென்ட் அமுங்காது.

முட்டிச்சிப்பியின் கீழ் முனையில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா? ஆட்டத்தின்போது பொறுத்துக்கொண்டு, மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது அதிகமா? அது தசைநார் வலி. முழு ஓய்வு எடுப்பது பழைய பழக்கம். இரண்டு வாரம் படுத்துவிட்டு நேராகக் குதிக்கப் போனால் வலி திரும்ப வரும், ஏனென்றால் ஓய்வில் நார் பலவீனமாகியிருக்கும். குதிப்பதைக் குறையுங்கள், பாரத்தைக் குறைக்காதீர்கள். நாற்காலி உயரத்தில் சுவரில் முதுகு சாய்த்து, அல்லது ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் காலைப் பாதி நீட்டி, அசையாமல் 45 விநாடி. இடையே இரண்டு நிமிடம் விட்டு ஐந்து தடவை. வலி குறைந்தபின் எடையோடு மெதுவான ஸ்குவாட், கடைசியாகத்தான் குதிப்பு. 10-க்கு 3 அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வாரத்தில் எத்தனை நாள் டங்க், ரீபவுண்ட் போன்ற குதிப்புப் பயிற்சி என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்.

கணுக்கால் பிசகியதும் பார்க்க வேண்டியது இரண்டு. நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? இருபக்கமும் உருண்டு நிற்கும் கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? நடக்க முடியவில்லை, அல்லது எலும்பில் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்கும் வேலை வேண்டாம். கிழிந்த நாரை இழுத்துவிட்டால் வீக்கம்தான் ஏறும். மறுபடி மறுபடி பிசகுவதற்குக் காரணம், வலி போனதும் ஆட இறங்குவது. வலி போன பிறகும் காலுக்குச் சமநிலை திரும்பியிருக்காது. ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள், பிறகு கண்ணை மூடி. ஒற்றைக் காலால் மூன்று தாவு தாவி அளந்து பாருங்கள். அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத் தூரமாவது போக வேண்டும். அதுவரை கயிறு கட்டும் பிரேஸ் இல்லாமல் ஆட்டம் வேண்டாம்.

ஷூவில் முதலில் தேய்வது கட்டைவிரல் அடிப்பக்கம், ஒரு காலை ஊன்றிச் சுழலும் (பிவட்) இடம். அங்கே வரிப்பள்ளம் மறைந்தால் வழுக்கும். வெளித்தளத்துக்கென்று ரப்பர் தடிமனாக உள்ள ஷூவை வாங்குங்கள். மெலிசான, ஒட்டும் ரப்பர் மரத்தளத்துக்கு. தோல் பந்தையும் சிமென்டில் போடாதீர்கள். ஒரே மாதத்தில் சொரசொரப்பெல்லாம் போய்விடும். ரப்பர் பந்தே போதும்.

கேள்வி: ஜிம்மில் ஒரு பவுடர் கொடுக்கிறார்கள். குடிக்கலாமா? (திசையன்விளை)

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதாது. சத்னாம் சிங்குக்கே 2019-ல் ஹிஜெனமைன் என்ற தடைப் பொருள் சோதனையில் தெரியவந்து, 2020-ல் இரண்டு வருடத் தடை விழுந்தது. பிரீ-வொர்க்அவுட், கொழுப்புக் கரைப்பான் வகைகளில்தான் இந்த மாதிரி சங்கதிகள் அதிகம் கலந்திருக்கும். உடம்புக்குள் எப்படி வந்தது என்பதற்கு விதிப்படி ஆட்டக்காரரே பொறுப்பு, கொடுத்தவர் இல்லை. நேஷனல்ஸ் ஆடுகிறவர்களையும் சோதிப்பார்கள். முட்டையும் கொண்டைக்கடலையும் சோதனையில் சிக்காது.

கேள்வி: பெண்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறதா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

இடுக்கு வழிதான். தெற்கு ரயில்வேயில் ஆடிய கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார், 2011-ல் பெண்கள் என்.பி.ஏ.வான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் போய்வந்தார். நம் மாநிலத்து அனிதா பால்துரை இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ. டபிள்யூ.என்.பி.ஏ. அணிக்கு 12 பேர்தான். சம்பளமும் குறைவாக இருந்ததால் அங்கே ஆடுகிற அமெரிக்கர்களே ஓய்வு மாதங்களில் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் போய் ஆடுவது வழக்கமாக இருந்தது. நமக்கு உறுதியான வாசல் ரயில்வே. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஊருக்குள்ளேயே இப்படி அணி மாறி ஆடிச் சம்பாதிக்கலாமா? அல்லது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குப் போவதா? (நாங்குநேரி, முக்கூடல், சிவகிரி வாசகர்கள்)

எங்கள் கருத்து: வேலை. இந்தியாவில் தொழில்முறை லீக் என்று தொடங்கியவை நிலைத்ததில்லை. 2015-ல் வந்த யு.பி.ஏ. லீக்கில் சென்னைக்கும் அணி இருந்தது. 2017-க்குப் பிறகு லீக்கே இல்லை. ரயில்வே, வங்கி, முப்படை, மின்வாரியம், வருமானவரி அணிகள் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. கோடையில் பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் அகில இந்தியப் போட்டிகளில் நீங்கள் பார்க்கிற பெரிய ஜெர்சிகளில் பாதிக்கு மேல் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுடையது. உள்ளூர்க் கிளப்புக்கு கெஸ்ட் பிளேயராகப் போனால் வழிச்செலவு, சாப்பாடு, பேட்டா, ஜெயித்தால் பரிசில் பங்கு. நல்ல அனுபவம், ஆனால் முட்டி போனால் அடுத்த கோடை கிடையாது.

ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது 18 முதல் 25, தளர்வு இல்லை. மதிப்பெண்ணில் சாதனைக்கு 50, மைதானத் தேர்வுக்கு 40, படிப்புக்கு 10. இதிலிருந்து இரண்டு புரிய வேண்டும். பழைய கோப்பைகளுக்கு மதிப்பில்லை, விளம்பரம் கேட்கும் சமீபத்திய வருடங்களுக்குள் ஆடியிருக்க வேண்டும். 26 வயதில் திறமை உச்சத்தில் இருந்தாலும் வாசல் மூடியிருக்கும். 20 முதல் 24 வரையிலான வருடங்களை வெளிநாட்டுக் கனவில் கழித்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரியும்போது காலம் போயிருக்கும்.

சான்றிதழ்களில் தடுக்கி விழுகிறவர்கள் நிறைய. மத்திய அரசு விளம்பரங்களுக்கு வெறும் பங்கேற்புச் சான்று போதாது. படிவம் 1 சர்வதேசப் போட்டிக்கு, 2 தேசியப் போட்டிக்கு, 3 பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடியதற்கு, 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. ஒவ்வொன்றிலும் கையெழுத்திடும் அதிகாரி வேறு: இரண்டாவதில் மாநிலச் சங்கச் செயலாளர், மூன்றாவதில் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர். போட்டி முடிந்த மாதமே வாங்கிவிடுங்கள். நாலு வருடம் கழித்து, விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் போனால் பதவியில் வேறொருவர் இருப்பார். பழைய பதிவேட்டைத் தேடச் சொல்வார். சான்றிதழில் உள்ள இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியலும் ஒன்றா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயசு 33. ஆட்டம் குறையுது. அடுத்து என்ன? (களக்காடு)

நடுவர் தேர்வு, கோச்சிங் இரண்டும் இருக்கிறது. கோச் ஆக பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் ஒரு வருட டிப்ளமோ. நேரமில்லாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. பள்ளிக்கூட வேலைதான் குறி என்றால் பி.பி.எட். போன்ற உடற்கல்விப் படிப்பு இல்லாமல் முடியாது, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடுவராவதற்கு மாவட்டச் சங்கத்தில் பேர் கொடுங்கள். எழுத்துத் தேர்வோடு ஓட்டத் தேர்வும் இருக்கும், அதனால் இப்போதே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டாம்.